மெய்ப்பு முத்திரை காட்டும் சான்று: பழைய ரவைத் துப்பாக்கிகளின் சுடுதகுதி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

தமிழாய்வு இதழொன்றில் துப்பாக்கி குறித்துக் கட்டுரை எழுத முற்படுவோர் முதற்கண் அதற்குக் காரணம் கூறுதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், கைல்போது விழாவையொட்டிக் குடகில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. செப்டம்பர்த் திங்களின் தொடக்கத்தில் கொண்டாடப்பெறும் அவ்விழாவில் வீட்டிலுள்ள படைக்கருவிகளைத் துடைத்து, பூச்சூட்டி வழிபடுவர். துப்பாக்கிக் குழலில் செருகப்பெறும் மலரை அம்மக்கள் துப்பாக்கிப் பூ என்னும் பொருள்படத் ‘தோக் பூ’ என அழைக்கின்றனர். அம்மலர் நம் சங்க இலக்கியம் பயின்றோர் நன்கறிந்த செங்காந்தளேயாகும். குறிஞ்சி நிலத்துக் காந்தள், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பர்மிங்ஹாம் இரும்புக் குழலின் வாயில் நின்ற அக்காட்சியே இவ்வாய்வுக்கு வித்திட்டது.

வழிபாட்டுக்குப் பின் தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டி நடைபெறும். குடும்பத்தின் மூத்தவர், தம் பாட்டனார் வைத்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கியையே அவ்வாண்டு பயன்படுத்த வேண்டுமென விரும்பினார். அவருடைய பெயரர் அஞ்சினார். “நூறாண்டுக்கு மேல் சுட்டது, இன்று மட்டும் வெடித்துவிடுமா?” என்பது மூத்தவரின் வினா. குழல் வெடிப்பின் முதலில் சிதைவது பெரும்பாலும் அதனைத் தாங்கிப் பிடித்திருக்கும் கையே என்பதால், இது வெறும் சொற்போர் அன்று. நூறாண்டு கடந்த ஒரு ரவைத் துப்பாக்கி சுடத்தக்கதா, அன்றா என்பதனை எச்சான்றைக் கொண்டு தீர்மானிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெயரும் பொருளும்

அத்துப்பாக்கியின் இரு குழல்களையும் இணைக்கும் மேற்பட்டையில் கல்கத்தா நிறுவனம் ஒன்றின் பெயர் அழகிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருந்தது. அக்குடும்பத்தார் அதனைச் செய்தவரின் பெயராகவே கருதி வந்தனர். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கல்கத்தாவில் மாண்டன், ராடா முதலிய நிறுவனங்கள் படைக்கல வணிகத்தில் பெயர்பெற்று விளங்கின. (ராடா நிறுவனத்திற்கு வந்த 50 மௌசர் கைத்துப்பாக்கிகளை 1914 ஆகஸ்டில் வங்கப் புரட்சியாளர்கள் கவர்ந்து சென்ற நிகழ்ச்சி வரலாற்று மாணவர் அறிந்ததே.) இத்தகைய நிறுவனங்கள் விற்ற துப்பாக்கிகளுள் பல, இங்கிலாந்தின் தொழிற்கூடங்களில் செய்யப்பெற்று, விற்பவர் பெயர் பொறிக்கப்பெற்று வந்தவை. ஆகவே மேற்பட்டைப் பெயர் விற்றவரைச் சுட்டுமேயன்றிச் செய்தவரைச் சுட்டும் என்னும் உறுதியில்லை.

போலிப் பெயர்களும் உண்டு. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆங்கில நிறுவனத்தின் பெயரை நினைவூட்டும் வகையில் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ எனப் பொறித்த மலிவான பெல்ஜியத் துப்பாக்கிகள் ஏராளமாக ஏற்றுமதியாயின. நம் ஏடுகளில் பிற்காலத்தார் அகத்தியர் பெயரில் எழுதிச் சேர்த்த நூல்களை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. பெயரை நம்பி மருத்துவ நூலைப் பின்பற்றுவது எத்தகையதோ, பெயரை நம்பித் துப்பாக்கியைத் தோளில் வைப்பதும் அத்தகையதே.

துப்பாக்கியின் உண்மையான சாசனம் மேலே இல்லை. குழல்களைக் கழற்றித் திருப்பினால், அவற்றின் அடிப்புறத்தில், தோட்டா அமரும் அறைக்குக் கீழுள்ள தட்டையான பகுதியில், மிகச் சிறிய முத்திரைகள் காணப்படும். அழகுக்காக அன்றிச் சான்றுக்காகப் பொறிக்கப்பட்டவை அவை. ‘மெய்ப்பு முத்திரை’ என்னும் பெயரை அவற்றுக்கு இக்கட்டுரை ஆள்கின்றது. அச்சுத்தாளின் பிழை பார்த்தலை நாம் மெய்ப்பு என்கிறோம். ஆங்கிலத்தில் அச்சுத்தாளுக்கும் துப்பாக்கிக் குழலுக்கும் இச்செயலைக் குறிக்க ஒரே சொல் வழங்குகின்றது. தமிழிலும் அவ்வாறே வழங்குவதில் தடையில்லை.

செங்கோல் முத்திரையைப் படித்தல்

குழலில் வழக்கத்தினும் மிகுதியான மருந்திட்டு வெடித்துப் பார்த்து, பிளவோ வீக்கமோ இல்லையெனக் கண்டபின் முத்திரையிடுவதே மெய்ப்புச் சோதனையாகும். லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் குழு 1637இல் அரச பட்டயம் பெற்றது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 1672இல் ஆணை பிறந்தது. பர்மிங்ஹாம் தொழிலினர் தாமே வேண்டிப் பெற்ற நாடாளுமன்றச் சட்டத்தால் 1813இல் அங்கு மெய்ப்பு நிலையம் அமைந்தது. அச்சட்டத்திற்குப் பின் சோதிக்கப்படாத குழலை விற்பது இங்கிலாந்தில் குற்றமாயிற்று.

நாம் கண்ட துப்பாக்கியில் குறுக்காக அமைந்த இரு செங்கோல்கள், அவற்றின்மேல் முடி, இடையே பி.பி.சி. என்னும் எழுத்துகள் கொண்ட முத்திரை ஒன்றும், அதே அமைப்பில் வி என்னும் எழுத்துக் கொண்ட முத்திரை ஒன்றும் இருந்தன. இது 1813 முதல் 1904 வரை வழங்கிய பர்மிங்ஹாம் முத்திரையாகும். 1904இன் விதிகளுக்குப் பின் அங்குச் செங்கோல் நீங்கி, முடியின் கீழ் எழுத்துகள் மட்டும் பொறிக்கும் முறை வந்தது. எனவே கீழெல்லை 1904. அருகில் ஒரு சாய்சதுரத்தினுள் 12 என்னும் எண்ணும் அதன்கீழ் சி என்னும் எழுத்தும் காணப்பட்டன. தோட்டா அறையின் அளவைக் காட்டும் இக்குறி 1887இன் விதிகளால் புகுத்தப்பட்டது. எனவே மேலெல்லை 1887. எழுத்தமைதியைக் கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிக்கும் அதே முறையில், பதினேழு ஆண்டு இடைவெளிக்குள் அத்துப்பாக்கியின் சோதனைக் காலத்தை நிறுத்த முடிகின்றது. ‘பாட்டனார் 1870இல் வாங்கியது’ என்னும் குடும்ப மரபு இதனோடு ஒவ்வாது. அதனை நான் அவ்விடத்தில் கூறவில்லை.

காலத்தினும் முதன்மையானது, அம்முத்திரைகளிடையே இல்லாத ஒன்று. புகையில்லா மருந்துக்கெனத் தனிச்சோதனை 1896இன் விதிகளில் இடம்பெற்றது. அதில் தேறிய குழல்களில் ‘நைட்ரோ புரூஃப்’ என்னும் சொற்கள் பொறிக்கப்பட்டன. 1904க்குப் பின் என்.பி. என்னும் எழுத்துகள் முடியின் கீழ் இடம்பெற்றன. இத்துப்பாக்கியில் இவற்றுள் எதுவும் இல்லை. அஃதாவது, இக்குழல் கருமருந்துக்கு மட்டுமே மெய்ப்புப் பெற்றது. பிற்காலத்தில் இதனை மீண்டும் சோதனைக்கு விடுத்தவர் எவருமிலர்.

‘மருந்து’ என்னும் சொல்லால் நேரும் மயக்கம்

துப்பாக்கி என்னும் சொல்லும் தோட்டா என்னும் சொல்லும் பிறமொழிவழி வந்தவை. ‘மருந்து’ நம்முடையது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியன சேர்ந்த கருமருந்தையும், பஞ்சையோ மரத்தூளையோ நைட்ரிக அமிலத்தில் பதப்படுத்திப் பெறும் புகையில்லா மருந்தையும் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கின்றது. பிரஷ்யப் படை அலுவலர் ஷூல்ட்ஸ் 1860களில் ரவைத் துப்பாக்கிக்கேற்ற புகை குறைந்த மருந்தை உருவாக்கினார். பிரான்சில் போல் வியெய் 1884இல் படைத் துப்பாக்கிக்கான புகையில்லா மருந்தைக் கண்டார். அடுத்த இருபதாண்டுகளில் உலகின் வெடிமருந்து மாறிற்று. சொல் மாறவில்லை.

இவ்விரண்டின் வேறுபாட்டை வலிமை என்னும் ஒரு சொல்லால் விளக்குவது போதாது. கருமருந்தின் அழுத்தமும் குறைந்ததன்று. அழுத்தம் குழலின் எப்பகுதியில் எவ்வளவு நேரம் நிற்கின்றது என்பதே வினா. இன்றைய மருந்து மெல்ல எரிந்து, ரவை முன்னோக்கிச் சென்ற பின்னும் அழுத்தத்தைத் தாங்கி நிற்கச் செய்வது. பழைய குழல்களோ அறைப்பகுதியில் தடித்தும் முன்னே செல்லச் செல்ல மெலிந்தும் அமைந்தவை. கருமருந்துக்கெனச் சோதிக்கப்பட்ட குழலில் இன்றைய தோட்டாவை இடுவது, அது ஒருபோதும் எழுதாத தேர்வில் தேறியதாகக் கொள்வதாகும்.

தோட்டாவின் நீளம் பற்றியும் ஈண்டுக் கூற வேண்டும். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவற்றின் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கானது. இன்றைய கணக்கில் அது 65 மி.மீ. எனப்படும். இன்று பரவலாக வழங்கும் தோட்டா 70 மி.மீ. நீளமானது தானே உள்ளே நுழையாது எனச் சிலர் கருதுவர். அது தவறு. தோட்டாவின் நீளம் சுட்டபின் வாய் விரிந்த நிலையில் அளக்கப்படுவது. சுடுமுன் அதன் வாய் மடிக்கப்பட்டிருப்பதால் குறுகிய அறையிலும் அது எளிதாக அமரும்; துப்பாக்கியும் தடையின்றி மூடும். சுடும்போது விரியும் மடிப்பு, அறைக்கு முன்னுள்ள ஒடுங்கிய பகுதியில் புகுந்து வழியைக் குறுக்கும். அழுத்தம் அங்கே எகிறும். பொருந்துகின்றது என்பதனாலேயே ஏற்றது என்று துணிதல் இங்குப் பெரும்பிழையாகின்றது. சாய்சதுரக் குறியும் இதில் துணைசெய்யாது. மூன்று அங்குலத்திற்குக் குறைந்த அறைகள் அனைத்தையும் அது ‘சி’ என்னும் ஒரே எழுத்தால் சுட்டியது. 1925இன் விதிகளுக்குப் பின்னரே அறை நீளம் எண்ணால் பொறிக்கப்பட்டது. பழையதை அளவுகோலிட்டே அறிதல் வேண்டும். அளந்தாலும் பிற்காலத்தில் எவரேனும் அறையைக் கடைந்து நீட்டியிருக்கவுங் கூடும்.

உருக்கும் டமாஸ்கஸும்

அத்துப்பாக்கியின் குழல்களில் ஆற்று மணலில் நீர் வரைந்தது போன்ற சுருள்வரிகள் இருந்தன. இவ்வகை ‘டமாஸ்கஸ் குழல்’ எனப்படும். இப்பெயரைக் கேட்டவுடன் தமிழறிஞர் உள்ளத்தில் மற்றொரு வரலாறு எழுதல் இயல்பே. தென்னாட்டில் மூசையில் உருக்கிச் செய்த உயர்கரி எஃகு அரபு நாடுகளுக்குச் சென்றதும், டமாஸ்கஸ் வாள் எனப் புகழ்பெற்றதும், 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் ‘வூட்ஸ்’ என்னும் பெயரில் அவ்வெஃகை ஆராய்ந்து கட்டுரை அளித்ததும், அப்பெயர் கன்னட ‘உக்கு’, தமிழ் ‘உருக்கு’ ஆகியவற்றோடு தொடர்புறுத்தப்படுவதும் நாம் அறிந்தவை. கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் கிடைத்த உலை, மூசைச் சான்றுகள் இம்மரபின் பழமையைக் காட்டுகின்றன.

ஆனால் பர்மிங்ஹாமிலும் லியேஜிலும் செய்யப்பெற்ற டமாஸ்கஸ் குழல் இந்த உருக்கு அன்று. இரும்புக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் அடுக்கிக் காய்ச்சி ஒட்டி, முறுக்கி, அம்முறுக்குப் பட்டையை ஓர் இரும்புத் தண்டின்மேல் சுற்றி, விளிம்போடு விளிம்பு அடித்து இணைத்துச் செய்யப்படுவது அது. வாளில் தோன்றும் வரி ஒரே எஃகுக் கட்டியினுள் இயல்பாக அமைவது. குழலில் தோன்றும் வரி ஒட்டுக்களின் வரைபடம். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. பெருமையின் பொருட்டு இரண்டனையும் ஒன்றாக்கி எழுதுவோர் உளர். அவ்வெழுத்தைப் படித்து ‘நம் எஃகு, ஒன்றும் ஆகாது’ என நம்புவோர்க்கு நேரக்கூடியதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒட்டிணைப்பினுள் சிக்கிய கசடும், அதன்வழி உட்புகும் துருவும் வெளிக்கண்ணுக்குத் தெரியாதவை.

இதற்கு மறுதலையாக, டமாஸ்கஸ் குழல் எதுவாயினும் சுடத்தகாதது என்னும் கருத்தும் பரவியுள்ளது. அமெரிக்கத் தோட்டாப் பெட்டிகளில் அவ்வாறே எச்சரிக்கை அச்சிடப்பட்டு வந்தது. இதுவும் முழுமையான உண்மையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பர்மிங்ஹாம் மெய்ப்பு நிலையம் பல்வகைக் குழல்களைச் சிதையும் அளவுக்குச் சோதித்தபோது, எந்திரத்தால் அடித்து இணைத்த ஆங்கில அடுக்கு எஃகுக் குழல் ஒன்று முதலிடம் பெற்றது. விட்வொர்த்தின் புகழ்பெற்ற வார்ப்பெஃகு அதற்குப் பின்னரே நின்றது. இம்முடிவைக் கிரீனர் தம் துப்பாக்கி வரலாற்று நூலில் எடுத்துரைத்துள்ளார். புகையில்லா மருந்துச் சோதனையில் தேறி முத்திரை பெற்ற டமாஸ்கஸ் குழல்களும் பல உள. ஆக, வரி இருப்பதும் சான்றன்று, இல்லாமையும் சான்றன்று. என் கருத்தில், குழலின் வகை வினாவை எழுப்ப உதவுமேயன்றி விடையளிக்க உதவாது.

முத்திரைக்குப் பிந்திய வாழ்க்கை

முத்திரை, தான் பொறிக்கப்பட்ட நாளின் நிலைக்கு மட்டுமே சான்று. அதன்பின் குழலுக்கு நேர்ந்ததை அது அறியாது. கருமருந்தின் எச்சம் ஈரத்தை ஈர்ப்பது. பழைய தோட்டாக்களின் தீப்பொறி மூட்டும் கலவையும் உப்பை விட்டுச் செல்வது. குடகின் மழைக்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உட்புறம் குழிந்து துருப்பிடித்த குழலைக் கொல்லர் கடைந்து மெருகிடுவர். குழி மறையும், அதனோடு குழலின் கனமும் குறையும். கண்ணாடி போல் ஒளிரும் உட்புறத்தைக் கண்டு மகிழ்வோர், அவ்வொளி எவ்வளவு உலோகத்தை விலையாகக் கொண்டது எனக் கேட்டல் வேண்டும்.

இதனை அளந்தறிய ஆங்கில மரபிலேயே வழியுண்டு. பன்னிரண்டு போர் என்பது, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சமக் குண்டுகளாக்கினால் ஒரு குண்டுக்கு அமையும் விட்டம், அது 0.729 அங்குலம், ஏறத்தாழ 18.5 மி.மீ. நாம் கண்ட துப்பாக்கியில் சாய்சதுரத்தினுள் 12 இருக்க, தனியே 13 என்னும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தது. இவ்வெண்ணைக் கண்டு அது பதின்மூன்று போர்த் துப்பாக்கி என முன்னர் ஒருவர் கூறிச் சென்றதாக வீட்டார் சொன்னார்கள். உண்மையில் முன்னது தோட்டா அறையின் அளவு. பின்னது குழலின் உள்விட்டம், அஃதாவது 0.710 அங்குலம். பின்பகுதியிலிருந்து ஒன்பது அங்குலத் தொலைவில் அவ்விட்டம், முத்திரை காட்டும் அளவினும் 0.010 அங்குலத்திற்கு மேல் அகன்றிருப்பின் அக்குழல் மெய்ப்பு இழந்ததாகக் கொள்வது மரபு. ஒரு நகப்பிளவினும் சிறிய அவ்வளவே சட்டத்தின் எல்லைக்கோடு.

உள்விட்டத்தோடு சுவர்க்கனமும் அளக்கப்பட வேண்டும். விட்டம் குழல் முழுமைக்கும் சராசரி உரைப்பது. சுவரோ ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கலாம். குழலின் மெலிந்த முற்பகுதியில் 0.020 அங்குலத்திற்கு, அஃதாவது அரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஆங்கிலத் தொழிலினர் ஏற்கத் தயங்குவர். இது சட்டம் அன்று, தொழில் வழக்கு. கருவியின்றி வீட்டிலேயே அறியத்தக்கன சிலவும் உண்டு. குழல்களைத் தனியே கழற்றித் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால் மணியோசை எழ வேண்டும். மங்கிய ஓசை, பட்டைகளின் பற்றவைப்பு விட்டிருப்பதைக் காட்டும். ஒளியை நோக்கிக் குழலினுள் பார்க்கையில் வளையம் போன்ற நிழல் தோன்றினால் அது வீக்கம். முன்கட்டையை நீக்கி, மூடிய நிலையில் அசைத்தால் குழல் ஆடுமாயின் பூட்டு தளர்ந்துவிட்டது. இவை அனைத்தும் ‘வேண்டா’ எனச் சொல்வதற்குப் போதுமானவை. ‘சுடலாம்’ எனச் சொல்வதற்குப் போதாதவை.

வண்டிச் சக்கரத்தில் துப்பாக்கியைக் கட்டி, கயிற்றால் விசையை இழுத்துச் சுட்டுப் பார்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. குடகு வீட்டிலும் அது முன்மொழியப்பட்டது. வெடிக்காமல் தப்பியது என்பதன்றி அதனால் ஒன்றும் அறியப்படாது. மெய்ப்பு நிலையத்தில் அழுத்தம் அளந்து கூட்டப்படுகின்றது. இன்றைய பன்னாட்டு விதியில் ரவைத் துப்பாக்கிக்கு அது வழக்கமான உச்ச அழுத்தத்தினும் ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுதி. சுட்டபின் குழல் மீண்டும் அளக்கப்படுகின்றது. கயிற்றுச் சோதனையில் இவ்விரண்டும் இல்லை. அதில் தப்பிய குழல் உள்ளே கீறலுற்று, அடுத்த முறை தோளில் இருக்கும்போது பிளக்கலாம்.

உரிமமும் தகுதியும்

இந்திய அரசின் ஆவணங்கள் இவ்வினாவில் மௌனம் காப்பது கருதத்தக்கது. 1878இன் படைக்கலச் சட்டம் ஆயுதத்தை யார் வைத்திருக்கலாம் என்பதிலேயே கருத்தூன்றியது. 1959இன் சட்டமும் அடிப்படையில் அவ்வழியதே. குடகர்க்கும் ஜம்மா நில உரிமையாளர்க்கும் வழங்கப்பெற்றுவரும் உரிம விலக்கு 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அவ்விலக்குச் சான்றிதழை அந்த மூத்தவர் எடுத்துக்காட்டி, ‘அரசே ஒப்புக்கொண்ட துப்பாக்கி’ என்றார். அரசு ஒப்புக்கொண்டது அவருடைய உரிமையை. குழலின் வலிமையை அன்று. 1959 சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழமை மதிப்புடையதோ வழக்கொழிந்ததோ ஆன படைக்கலத்திற்கு விலக்களிக்கும்போதும், பழுது நீக்கியோ நீக்காமலோ சுட இயலாதது என்னும் நிபந்தனையை உடன்வைக்கின்றது. சுடக்கூடியதாயின், எவ்வளவு பழையதாயினும் அது சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே.

குடும்பத்தார் ஒப்புதலுடன் அத்துப்பாக்கி உரிமம் பெற்ற பழுதுபார்ப்போர் ஒருவரிடம் கொண்டு செல்லப்பட்டது. ஒன்பது அங்குலத்தில் வலக்குழலின் விட்டம் 0.733 அங்குலம், முத்திரை கூறுவது 0.710. இடக்குழலின் சுவர், மேற்பட்டையை ஒட்டி ஓரிடத்தில் 0.017 அங்குலமே இருந்தது. அறையின் நீளம் இரண்டரை அங்குலம். வீட்டில் வாங்கி வைத்திருந்த பெட்டியிலிருந்தவை 70 மி.மீ. தோட்டாக்கள்.

மூத்தவர் எண்களை இருமுறை கேட்டார். 13 என்னும் முத்திரையைக் கண்ணாடி வைத்துத் தாமே படித்துப் பார்த்தார். அவ்வாண்டுத் தேங்காய்ப் போட்டியில் பெயரரின் புதிய துப்பாக்கி பயன்படுத்தப்பட்டது. வழிபாட்டில் காந்தள் மலர் பழைய குழலிலேயே வைக்கப்பெற்றது.